மேற்கோளும் சான்றும்: ஆய்வுக் கட்டுரைகளில் உசாத்துணை குறிக்கும் முறை

1. நோக்கம்

ஆய்வுக் கட்டுரையொன்றின் அடிக்குறிப்புகளையும் உசாத்துணைப் பட்டியலையும், கட்டுரை எழுதி முடிந்தபின் அச்சுக்கு அனுப்பும் வேளையிற் சேர்த்துக்கொள்ள வேண்டிய பின்னொட்டுகளாகக் கருதும் போக்கு நம்மிடையே பரவலாகக் காணப்படுகின்றது. நூற்பெயரைச் சாய்வெழுத்தில் இடுவதா, ஆண்டினை முன்னர்த் தருவதா பின்னர்த் தருவதா என்பன போன்ற வினாக்கள் இதழாசிரியரின் விருப்பு வெறுப்பின்பாற்பட்டவை எனப் பலர் எண்ணுவர். இவ்வெண்ணம் ஓரளவு நியாயமானதே. காற்புள்ளி இடும் இடத்தில் உண்மை எதுவும் தங்கியிருக்கவில்லை. ஆயினும், அக்காற்புள்ளிகள் பிரித்துக் காட்டும் செய்திகளில் ஆய்வின் நம்பகத்தன்மை முழுவதும் தங்கியுள்ளது.

உசாத்துணைக் குறிப்பு என்பது ஆய்வாளர் வாசகருக்கு அளிக்கும் ஓர் உறுதிமொழியாகும். தாம் கண்ட அதே இடத்தை வாசகரும் சென்று காணலாம், கண்டபின் தம் முடிபை ஏற்கவோ மறுக்கவோ செய்யலாம் என்பதே அவ்வுறுதிமொழி. குறிப்பின் வடிவம் பற்றி எழும் ஐயங்கள் அனைத்தையும் இந்த அளவுகோலைக் கொண்டே தீர்க்க வேண்டும் என்பதும், தமிழ் ஆய்வுக்கே உரிய சில சிக்கல்களை மேலைநாட்டு நடைக்கையேடுகள் தீர்த்துவைக்கமாட்டா என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும்.

2. தமிழ் மரபில் மேற்கோள்

பிறர் கூற்றை எடுத்தாளும் வழக்கம் தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பியர் தம் முன்னோர் கருத்துகளை 'என்ப', 'என்மனார்' என்னும் சொற்களாற் சுட்டிச் செல்கின்றார். உரையாசிரியர்களோ ஒவ்வொரு விதிக்கும் இலக்கியங்களிலிருந்து எடுத்துக்காட்டுகளை அடுக்கிச் சென்றனர். ஆயின், எடுத்தாண்ட செய்யுள் எந்நூலினது, எப்புலவரது என்பதை அவர்கள் பல இடங்களிற் குறிப்பிடவில்லை. மாணாக்கர் அந்நூல்களை மனப்பாடமாக அறிந்திருந்த சூழலில் அதற்கான தேவை இருக்கவுமில்லை. முதற்குறிப்பே இடஞ்சுட்டும் குறிப்பாக அமைந்தது.

அச்சூழல் மறைந்தபோது இம்முறையின் விளைவு வெளிப்பட்டது. குண்டலகேசி, வளையாபதி ஆகிய காப்பியங்கள் இன்று முழுமையாகக் கிடைத்தில. அவற்றுள் எஞ்சியிருக்கும் செய்யுள்கள் 'புறத்திரட்டு' என்னும் தொகைநூலாலும், உரைகளில் மேற்கோளாக ஆளப்பட்டமையாலுமே நம்மை வந்தடைந்தன. யாப்பருங்கல விருத்தி போன்ற உரைகளில் வரும் செய்யுள்கள் பலவற்றின் மூலநூல் எதுவென்று இன்றும் துணிய இயலவில்லை. மேற்கோள் நூலைக் காப்பாற்றிற்று. இடம் சுட்டப்படாமையால் நூலின் அடையாளம் இழக்கப்பட்டது.

19 ஆம் நூற்றாண்டின் பதிப்பாசிரியர்கள் இக்குறையை நன்கு உணர்ந்திருந்தனர். உ. வே. சாமிநாதையர் உரைகளில் வரும் மேற்கோள்களின் இடங்களைத் தேடிக் கண்டறிந்ததோடு, இடம் விளங்காதவற்றைத் தனியே தொகுத்துத் தம் பதிப்புகள் சிலவற்றில் வெளியிட்டார். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885 இலும் கலித்தொகையை 1887 இலும் பதிப்பித்தார். ஏட்டுப் பிரதிகள் எங்கெங்கிருந்து, எவரெவரிடமிருந்து கிடைத்தன என்பதைப் பதிப்புரைகளிற் கூறும் வழக்கத்தை இவ்விருவரிடமும் காணலாம். தமிழில் நவீன உசாத்துணை முறையின் தொடக்கத்தை இப்பதிப்புரைகளிலே தேடுவது பொருந்தும்.

3. ஒரு மேற்கோளின் வழக்கு

குறிப்பு செம்மையாக அமைவதனால் விளையும் பயனை விளக்குவதற்கு, ஐரோப்பிய அரசியற் பொருளாதார வரலாற்றிலிருந்து ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளலாம். பிரித்தானிய நிதியமைச்சராயிருந்த கிளாட்ஸ்ரன் 1863 ஏப்ரல் 16 ஆந் திகதி பாராளுமன்றத்தில் வரவுசெலவுத்திட்ட உரை நிகழ்த்தினார். பெருகிய செல்வம் சொத்துடைய வகுப்பினருக்குள்ளேயே அடங்கிவிட்டது என்னும் பொருள்பட அவர் கூறிய வாக்கியமொன்றைக் கார்ல் மார்க்ஸ் 1864 இல் அகிலத்தின் தொடக்க உரையிலும், பின்னர் 1867 இல் வெளிவந்த 'மூலதனம்' முதற்பாகத்திலும் எடுத்தாண்டார்.

1872 மார்ச்சில் 'கொன்கோர்டியா' என்னும் ஜேர்மன் முதலாளிமார் சஞ்சிகையில் பெயர் குறிப்பிடாத ஒருவர், அவ்வாக்கியம் கிளாட்ஸ்ரனின் உரையில் எவ்விடத்தும் இல்லை என்றும், மார்க்ஸே அதனைப் புனைந்து சேர்த்தார் என்றும் குற்றஞ்சாட்டினார். அவர் ஆதாரமாகக் காட்டியது ஹன்சாட் அறிக்கையை. மார்க்ஸ் தம் மறுப்பில் 1863 ஏப்ரல் 17 ஆந் திகதிய 'ரைம்ஸ்' பத்திரிகையைச் சுட்டினார். உரை நிகழ்ந்த மறுநாள் வெளிவந்த அவ்வறிக்கையில் அவ்வாக்கியம் இருந்தது. அக்காலத்து ஹன்சாட், உறுப்பினர் தம் உரையைத் திருத்துவதற்கு இடமளித்தது; வாக்கியம் அங்கு விடுபட்டிருந்தது. குற்றஞ்சாட்டியவர் பொருளியலறிஞர் லூயோ பிரென்ரானோ என்பது பின்னரே வெளிப்பட்டது. 1883 இல், மார்க்ஸ் இறந்த ஆண்டிலேயே, கேம்பிரிட்ஜைச் சேர்ந்த செட்லி ரெய்லர் இப்பழியை மீண்டும் எழுப்பியபோது மார்க்ஸின் மகள் எலியனோர் அதற்கு விடையிறுத்தார்.

1887 இல் 'மூலதனம்' ஆங்கிலத்தில் வெளிவந்தபோது, ஆங்கில நூல்களிலிருந்தும் அறிக்கைகளிலிருந்தும் எடுக்கப்பட்ட மேற்கோள்கள் அனைத்தையும் மூலத்தோடு ஒப்புநோக்கும் பெரும்பணியை எலியனோரே மேற்கொண்டார். நான்காம் ஜேர்மன் பதிப்பிற்கு 1890 இல் எழுதிய முன்னுரையில் ஏங்கல்ஸ் இதன் பெறுபேற்றைக் கூறுகின்றார். குறிப்பேடுகளிலிருந்து படியெடுத்தபோதும் மூன்று பதிப்புகளின் அச்சுப்பிழைகளாலும் சில பக்க எண்கள் தவறியிருந்தன. றிச்சட் ஜோன்ஸின் மேற்கோளொன்றின் மூலம் மட்டுமே கண்டுபிடிக்க இயலாது போயிற்று. மார்க்ஸ் நூற்பெயரைப் பிழையாகக் குறித்திருக்கலாம் என ஏங்கல்ஸ் கருதினார்.

இவ்வழக்கு நமக்கு உணர்த்துவன இரண்டு. முதலாவது, ஒரே உரைக்கு இரு பதிவுகள் இருக்குமாயின் எப்பதிவைக் கண்டோம் என்று கூறுவது இன்றியமையாதது. 'கிளாட்ஸ்ரன் கூறினார்' என்பது மட்டும் சான்றாகாது. இரண்டாவது, எழுதியவர் மறைந்தபின்னும் குறிப்பு அவர் சார்பில் நின்று விடையளிக்கின்றது. நூற்பெயர் ஒன்று பிழைத்தமையால் ஒரு மேற்கோள் ஆதரவற்று நின்றதையும் இங்கு காண்கின்றோம்.

4. இரு முறைகள்

இன்று மனிதப்பண்பியற் கல்வியிலும் சமூகவிஞ்ஞானங்களிலும் பெருவழக்காயுள்ள முறைகள் இரண்டு. ஒன்று அடிக்குறிப்பு முறை. 1906 இல் முதன்முதல் வெளிவந்த சிக்காகோ நடைக்கையேடு இம்முறைக்கு எடுத்துக்காட்டாக அமைவது. மற்றையது ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் கட்டுரைக்குள்ளேயே அடைப்புக்குறிக்குள் தரும் ஹாவர்ட் முறை. ஹாவர்ட் பல்கலைக்கழக விலங்கியலாளர் எட்வர்ட் லோறன்ஸ் மார்க் 1881 இல் நத்தையினம் பற்றி எழுதிய கட்டுரையொன்றில் இதனைக் கையாண்டமையை இதன் தோற்றமாகக் கொள்வர். மருத்துவ ஆய்விதழ்களில் வழங்கும் எண்முறை, 1978 இல் வன்கூவரிற் கூடிய இதழாசிரியர்களாற் செம்மைப்படுத்தப்பட்டது.

எம்முறையாயினும் அடிப்படைச் செய்திகள் ஒன்றே: எழுதியவர், எழுத்தின் பெயர், பதிப்பு, வெளியிட்ட இடமும் பதிப்பகமும், ஆண்டு, குறித்த பக்கம். இவற்றின் வரிசையே வேறுபடும். ஹாவர்ட் முறையில் ஆண்டு பெயரை அடுத்து வருவதற்குக் காரணம் உண்டு. விஞ்ஞானத்தில் கருத்தொன்று எப்போது கூறப்பட்டது என்பது முதன்மை பெறுகின்றது. வரலாற்று மாணவருக்கோ கல்வெட்டு, கடிதம், பத்திரிகைச் செய்தி எனச் சான்றின் இயல்பே முதன்மையானது. ஆசிரியர் பெயரோ திட்டமான ஆண்டோ அற்ற சான்றுகளை அடைப்புக்குறிக்குள் அடக்குதல் அரிது. எனவே பழந்தமிழ் இலக்கியம், வரலாறு என்பன பற்றிய கட்டுரைகளுக்கு அடிக்குறிப்பு முறையும், சமூகவியல், கல்வியியற் கட்டுரைகளுக்கு ஹாவர்ட் முறையும் இயைபுடையன எனலாம். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலத்தல் தவிர்க்கப்பட வேண்டும்.

ஹாவர்ட் முறையில் ஓராசிரியரின் ஒரே ஆண்டு நூல்களை அ, ஆ எனப் பிரித்தல் வேண்டும். க. கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' 1968 இல் வெளிவந்தது. ஒக்ஸ்போட்டில் கிளாறென்டன் அச்சகம் வெளியிட்ட, தமிழ் வீரயுகப் பாடல்கள் பற்றிய அவரது ஆங்கில நூலும் அதே ஆண்டினதே. 'கைலாசபதி 1968' என்று மட்டும் எழுதின் வாசகர் நாவலுக்கும் புறநானூற்றுக்கும் இடையே தடுமாறுவர். முன்னதை 1968அ எனவும் பின்னதை 1968ஆ எனவும் கட்டுரையிலும் பட்டியலிலும் ஒருபடித்தாகக் குறிப்பின் அத்தடுமாற்றம் எழாது.

5. தமிழ் ஆய்வுக்குரிய சிக்கல்கள்

(அ) பெயர். மேலைநாட்டுக் கையேடுகள் குடும்பப்பெயரை முன்னிறுத்துமாறு பணிக்கின்றன. நமது வழக்கில் முதலெழுத்து பெரும்பாலும் தந்தை பெயரையும், தொடர்ந்து வருவது ஆளின் பெயரையும் குறிக்கும். பட்டியல் ஆளின் பெயரைக் கொண்டே அகரவரிசைப்படுத்தப்பட வேண்டும்: 'சிவத்தம்பி, கா.' என்றவாறு. முதலெழுத்தை விட்டுவிடுதல் பெரும் இடர் தரும். பேராதனையிற் பேராசிரியராயிருந்தவர் க. கணபதிப்பிள்ளை, பண்டிதமணி எனப் போற்றப்பட்டவர் சி. கணபதிப்பிள்ளை. இருவரையும் வேறுபடுத்துவது ஓர் எழுத்தே. ஆங்கிலத்தில் 'கே' என்னும் ஒரே எழுத்தாகிவிடும் முதலெழுத்துகள் தமிழில் க, கா, கி, கு, கே எனப் பலவாகலாம். கைலாசபதியின் முதலெழுத்து க, சிவத்தம்பியினது கா. ஆங்கில நூலைப் பார்த்துத் தமிழ் முதலெழுத்தை ஊகித்து எழுதுதல் கூடாது.

புனைபெயரில் வெளிவந்த ஆக்கத்தை அப்பெயரிலேயே குறித்து, இயற்பெயர் தெரிந்தவிடத்து அதனைப் பகர அடைப்பினுட் சேர்த்தல் தகும்: மஹாகவி [து. உருத்திரமூர்த்தி], இலங்கையர்கோன் [த. சிவஞானசுந்தரம்] என்பன போல. நூலகத்தில் வாசகர் தேடப்போவது அட்டையிலுள்ள பெயரையே.

(ஆ) ஆண்டு. 19 ஆம் நூற்றாண்டு நூல்கள் பலவற்றில் அறுபதாண்டு வட்டத்தின் பெயரே வெளியீட்டு ஆண்டாக அச்சிடப்பட்டுள்ளது. 'பிரபவ' என்பது 1867–68, 1927–28, 1987–88 ஆகிய மூன்றில் எதனையும் குறிக்கலாம். எந்த வட்டத்தினது என்பதை அச்சகம், பதிப்பாசிரியர் வாழ்ந்த காலம் முதலியவற்றாற் துணிய வேண்டும். மேலும் இவ்வாண்டு சித்திரையில் தொடங்குவதால் தை, மாசி, பங்குனி மாதங்கள் அடுத்த கிறித்தவ ஆண்டில் விழும். நூலிலுள்ளவாறே ஆண்டுப்பெயரைத் தந்து, கணித்த ஆண்டைப் பகர அடைப்பில் இடுதல் நேர்மையான முறை. திருவள்ளுவர் ஆண்டிலிருந்து 31 ஐக் கழிப்பின் கிறித்தவ ஆண்டு பெறப்படும்.

மறுபதிப்பின் ஆண்டை மட்டும் தருதல் கருத்து வரலாற்றைத் திரித்துவிடும். வி. செல்வநாயகத்தின் 'தமிழ் இலக்கிய வரலாறு' 1951 இல் முதன்முதல் வெளிவந்து பின்னர்ப் பலமுறை அச்சானது. கையிலுள்ள பிற்பதிப்பின் ஆண்டை மட்டும் குறிப்பவர், செல்வநாயகத்திற்குப் பிந்தியவர்களை அவருக்கு முந்தியவராக்கிவிடுவர். முதற்பதிப்பாண்டும் கையாண்ட பதிப்பின் ஆண்டும் ஒருங்கே தரப்பட வேண்டும்.

(இ) செய்யுள் நூல்கள். பழைய நூல்களுக்குப் பக்க எண் பயன்படாது. புறநானூறாயின் பாட்டெண்ணும் அடியெண்ணும், சிலப்பதிகாரமாயின் காதையும் அடியும் குறித்தல் போதும். எப்பதிப்பை வைத்திருப்பவரும் அவ்விடத்தை அடைவர். தொல்காப்பியத்தில் நூற்பாக்களைப் பிரித்தும் சேர்த்தும் உரையாசிரியர்கள் கொண்டமையால் நூற்பா எண்கள் உரைக்கு உரை வேறுபடுகின்றன. அதிகாரமும் இயலும் எண்ணும் தந்தபின், இளம்பூரணமா நச்சினார்க்கினியமா என்பதையும் கூறவேண்டும். குறட்பாக்கள் அதிகாரத்தினுள் அமையும் வரிசையும் மணக்குடவரிலும் பரிமேலழகரிலும் ஒன்றாக இல்லை. கம்பராமாயணத்திற் செய்யுட்டொகையே பதிப்புக்குப் பதிப்பு மாறுபடுதலின் பதிப்பைச் சுட்டாத எண் பயனற்றது.

உரைநடை நூல்களிலும் இவ்வெச்சரிக்கை வேண்டும். 'யாழ்ப்பாண வைபவமாலை' பலமுறை அச்சேறியது. 1879 இல் பிறிற்றோவின் ஆங்கில மொழிபெயர்ப்பும், 1949 இல் குல. சபாநாதன் பதிப்பும் வெளிவந்தன. 'வைபவமாலை, ப. 30' என்னும் குறிப்பு இவற்றுள் எதனையும் சுட்டாது.

(ஈ) சாசனமும் சுவடியும். சாசனத்தைத் தொகுதி, பகுதி, எண் ஆகியவற்றோடு அது கிடைத்த ஊரையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். தென்னிந்தியச் சாசனங்கள் பலவற்றுக்கு ஆண்டறிக்கையில் ஓரெண்ணும், முழுவாசகம் வெளியான தொகுதியில் வேறோரெண்ணும் உண்டு. இரு கட்டுரைகளில் வெவ்வேறு எண்களாற் குறிக்கப்பட்ட ஒரே சாசனத்தை இரண்டெனக் கொள்ளும் வழு இதனால் நேரும். ஊர்ப்பெயர் அவ்வழுவைத் தடுக்கும். 1971 இலும் 1972 இலும் பேராதனையிலிருந்து ஆ. வேலுப்பிள்ளை வெளியிட்ட இலங்கைத் தமிழ்ச் சாசனத் தொகுதிகள் போன்றவற்றிற் பதிப்பாசிரியரின் வாசிப்பும் விளக்கமும் தனித்தனியாக உள்ளன. எதனை ஏற்கின்றோம் என்பதும் புலப்பட வேண்டும். ஏட்டுச்சுவடிக்கு நூலகம், சுவடி எண், ஏட்டு எண், ஏட்டின் எப்பக்கம் என்பன தேவை.

(உ) சஞ்சிகையும் வாய்மொழியும். 'ஈழகேசரி', 'மல்லிகை' போன்றவற்றின் கட்டுரைகளுக்கு மலர், இதழ் எண்களோடு மாதத்தையும் ஆண்டையும் தருதல் நலம். இதழ் எண்கள் சிலவேளை பிழையாக அச்சாகின்றன. திகதி அப்பிழையைக் காட்டிக்கொடுக்கும். களஆய்விற் பெற்ற வாய்மொழித் தரவுக்குக் கூறியவர், ஊர், நாள், ஒலிப்பதிவு இருப்பிடம் என்பன கூறப்படும். ஆயின், கூறியவருக்குத் தீங்கு நேரக்கூடிய விடத்துப் பெயரை மறைத்தல் ஆய்வாளரின் கடன். போர்க்காலத்தை அனுபவித்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. பெயர் மறைக்கப்பட்டுள்ளது என்ற செய்தியை மட்டும் மறைக்கலாகாது.

6. எடுத்தாளும் முறை

மேற்கோளை மூலத்தில் உள்ளவாறே, எழுத்துப்பிழை உட்படத் தருதல் வேண்டும். விடுபட்டதைப் புள்ளிகளாலும் சேர்த்ததைப் பகர அடைப்பாலும் காட்டலாம். சந்தி பிரித்துத் தருவோர் அவ்வாறு செய்தமையைக் குறிப்பிடல் வேண்டும். பழஞ்செய்யுளிற் சந்தி பிரித்தலே ஒரு பொருள்கோளாக அமைதல் உண்டு. மொழிபெயர்த்த பகுதியாயின் மொழிபெயர்த்தவர் யார் என்பது தெரிதல் வேண்டும்.

பிறர் கட்டுரையிற் கண்ட மேற்கோளை மூலத்திற் கண்டதுபோற் காட்டுதல் நம்மிடையே மலிந்துள்ள குறைபாடாகும். ஜேர்மன் மூலம் ஆங்கிலத்தின் வழியாகத் தமிழுக்கு வந்து, அத்தமிழ் நூலிலிருந்து இன்னொரு கட்டுரைக்கு ஏறும்போது, அடிக்குறிப்பு மட்டும் ஜேர்மன் மூலத்தைச் சுட்டி நிற்கும். இடையில் நேர்ந்த திரிபுகளைக் கண்டறியும் வழி அங்கு அடைபட்டுவிடுகின்றது. கண்ட நூலைக் கூறி, 'அதில் எடுத்தாளப்பட்டவாறு' எனச் சேர்த்தலால் ஆய்வாளருக்கு யாதொரு இழிவும் இல்லை.

7. கணினியும் உசாத்துணையும்

2005 இல் தொடங்கிய 'நூலகம்' போன்ற எண்ணிம நூலகங்களால் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எங்கிருந்தும் காணும் வாய்ப்பு ஏற்பட்டுள்ளது. இணைய முகவரி மாறக்கூடியதாதலின் அதனை மட்டும் தருதல் போதாது. அச்சு நூலின் முழு விபரத்தையும் தந்து, எண்ணிமப் பிரதியிற் கண்டமையையும் பார்த்த நாளையும் சேர்க்க வேண்டும்.

பட்டியலைக் கணினி வரிசைப்படுத்தும்போதும் கவனம் தேவை. யுனிக்கோட் அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்தும், ளகரம் ழகரத்தின் முன்னும், ஜகரம் சகரத்திற்கும் ஞகரத்திற்கும் இடையிலும் உள்ளன. தமிழ் நெடுங்கணக்கிலோ ழ, ள, ற, ன என்பன இறுதியில் வர, கிரந்த எழுத்துகள் அவற்றின் பின் நிற்கும். குறியெண்ணை மட்டும் நோக்கி அடுக்கும் மென்பொருள் தரும் வரிசை நம் வரிசை ஆகாது. கையாற் சரிபார்த்தல் வேண்டும்.

அண்மைக்காலத்தில் பரவிய செயற்கை நுண்ணறிவுச் செயலிகள், இல்லாத நூல்களுக்குப் பெயர், பதிப்பகம், ஆண்டு, பக்கம் அனைத்தும் அமைந்த குறிப்புகளை ஆக்கித் தருவதுண்டு. வடிவத்திற் குறைகாண முடியாத அக்குறிப்புகள் எவ்விடத்திற்கும் இட்டுச் செல்லா. நூலைக் கையில் எடுத்துப் பாராது அதனைப் பட்டியலிற் சேர்ப்பதில்லை என்னும் பழைய விதியை ஆய்விதழ்கள் முன்னெப்போதையும்விடக் கண்டிப்பாகக் கைக்கொள்ள வேண்டியுள்ளது.

8. முடிவுரை

1981 மே 31 ஆந் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. 'ஈழநாடு' பத்திரிகை அலுவலகமும் அந்நாட்களில் எரிக்கப்பட்டது. அவ்வழிவுக்கு முன்னர் அங்கிருந்த நூல்களைப் பயன்படுத்தி எழுதப்பட்ட ஆய்வுகளின் அடிக்குறிப்புகள் அதன்பின் வேறொரு பயனையும் பெற்றன. நூற்பெயர், ஆசிரியர், அச்சகம், ஆண்டு என்பன முறையாகக் குறிக்கப்பட்டவிடத்து, இன்னொரு பிரதியைத் தேடுவதற்கான வழி எஞ்சியது. பிரதியே கிடையாவிடினும் அத்தகைய நூல் ஒன்று இருந்தது என்பதற்கும் அதன் குறித்த பக்கத்தில் இன்னது இருந்தது என்பதற்கும் சான்று உண்டு. 'பழைய நூலொன்றிற் கூறப்பட்டுள்ளது' என எழுதிச் சென்றவிடத்து அந்நூல் இருமுறை அழிந்தது என்றே கொள்ளவேண்டும்.

நமது ஆய்விதழ்கள் பெயர், ஆண்டு, செய்யுளெண், சாசன எண் ஆகியன பற்றி மேற்கூறியவற்றை ஒட்டிய பொதுவான விதிமுறையொன்றை வகுத்து, இதழ்தோறும் முன்பக்கத்தில் வெளியிடுதல் பயன்தரும். அவ்விதிகளைப் பட்டப்படிப்பின் முதலாண்டிலேயே மாணவர் பயிலுதல் வேண்டும். அறிஞர் ஒருவர் கூறினார் என்பதற்காக ஒரு கருத்தை ஏற்கும் நிலையிலிருந்து, சான்றைக் கண்டு ஏற்கும் நிலைக்கு வாசகர் உயர்வதற்கு இதுவே எளிய வழியாகும்.